வேலை விஷயமாக வெளிநாட்டுப் பயணம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

எங்கள் அலுவலகத்தில் யாராவது முதல் தடவையாக வெளிநாட்டுக்குக் கிளம்பினால், அவருடைய காகிதங்கள் ஒரு சுற்று என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். நான் நிறையப் போய்வந்தவன், நிறையச் சொதப்பியவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

வருகிறவர்களில் பலர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டே வருவார்கள். "சார், பதினாலாம் தேதி ஃப்ளைட். விசாவுக்கு என்ன பண்ணணும்?" அந்தக் கேள்வியிலேயே வரிசை தலைகீழாகிவிட்டது. கீழே உள்ள படிகளில் டிக்கெட் ஏழாவதாகத்தான் வருகிறது. முன்னால் உள்ள ஆறும் முடியாமல் அதைத் தொட்டால், பெரும்பாலும் பணம் கட்டி மாற்ற வேண்டியிருக்கும்.

1. எதற்குப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாரைப் பார்க்க, எந்த ஊரில், என்ன செய்ய, எத்தனை நாள், யார் செலவில். இந்த ஐந்தும் அந்த வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். உதாரணமாக: "எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின், இன்ன ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு நான்கு நாள் போய், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தின் விலையையும் தர விவரங்களையும் பேசி முடிக்கப் போகிறேன், முழுச் செலவும் என் நிறுவனத்துடையது."

விசா படிவம், அழைப்புக் கடிதம், உங்கள் நிறுவனத்தின் கடிதம், காப்பீடு, வருகை அட்டை, கடைசியில் இமிகிரேஷன் கவுண்டர் என்று ஆறு இடத்தில் இதே கேள்வி வரும். ஆறு இடத்திலும் ஒரே பதில் இருக்க வேண்டும். அதிகாரிக்கு உங்களுக்காக ஒதுக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கும். அதற்குள் அவர் கண்ணில் முதலில் படுவது ஒன்றோடொன்று ஒட்டாத விவரம்.

ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். தமிழில் "ஒரு வேலையா வந்தேன்" என்றால் ஏதோ காரியமாக வந்தேன் என்றுதான் அர்த்தம். கவுண்டரில் அதையே ஆங்கிலத்தில் 'ஒர்க்' என்று சொன்னால், அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'பிசினஸ்', இல்லாவிட்டால் 'மீட்டிங்'. இந்த ஒரு சொல்லால் தனி அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்.

சொல்லை மாற்றிவிட்டால் விஷயமும் மாறிவிடாது. சந்திப்பு, பேரம், மாநாடு, கண்காட்சியைப் பார்ப்பது போன்றவற்றைப் பல நாடுகள் வணிக வருகையாக ஏற்றுக்கொள்கின்றன. இயந்திரத்தைப் பொருத்துவது, பழுது பார்ப்பது, அவர்கள் ஆளுக்குப் பதிலாக நின்று வேலை செய்வது எல்லாம் வேறு கணக்கு. அமெரிக்காவின் வணிக வருகைக்கான பி-1 விசாவில், வெளிநாட்டு நிறுவனம் விற்ற இயந்திரத்தை நிறுவ அந்த நிறுவனத்தின் ஆள் வரலாம். ஆனால் அந்தப் பொறுப்பு விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அதனால் "ஸ்பேனர் பிடிப்பேனா, மாட்டேனா?" என்ற கேள்விக்கு இந்தப் படியிலேயே பதில் தெரிந்திருக்கட்டும். பிடிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நினைவிலிருந்து சொல்லாதீர்கள், எடுத்துப் பாருங்கள். "அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு சார்" என்பவருக்கு அடுத்த வருஷம் பிப்ரவரியில் முடியும்.

பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்), அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. குறைந்தது இரண்டு காலிப் பக்கம் வைத்திருங்கள். கடைசித் தாள்களில் உள்ள குறிப்புப் பக்கங்களைச் சிலர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவை முத்திரை குத்தும் பக்கங்கள் அல்ல.

புதுப்பிக்க வேண்டுமென்றால் இப்போதே செய்யுங்கள், விசா எடுத்த பிறகு வேண்டாம். மின்விசாவும், விசா விலக்கு உள்ளவர்கள் இணையத்தில் எடுக்கும் அமெரிக்காவின் எஸ்டா அனுமதியும் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா இன்னும் செல்லுபடியாக இருந்தால், அது ஏற்கப்படுமா என்று பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

அப்புறம் பெயர். புகைப்படப் பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றும் 44 எழுத்து நீளத்தில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் குடும்பப் பெயர், அதன் பின் இரட்டை அம்புக்குறி, அதன் பின் உங்கள் பெயர். கணினி உங்களை அறிவது இந்த வரியை வைத்துத்தான். டிக்கெட், விசா, அழைப்புக் கடிதம் எல்லாவற்றுக்கும் இங்கிருந்து பார்த்து எழுதுங்கள். நண்பர்கள் கூப்பிடும் பெயரோ விசிட்டிங் கார்டில் உள்ள பெயரோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், போகும் நாடு அதை எப்படி நடத்துகிறது என்று தனியாகப் பாருங்கள். அமெரிக்க விசாவில் காலியாக உள்ள பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்றெழுத்தை அச்சடிப்பார்கள். அது பிழையல்ல, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்.

3. அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் அனுமதியைத் தேடுங்கள்

"அந்த நாட்டுக்கு விசாவே வேண்டாமாமே" என்று யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சொன்னவர் சுற்றுலா போயிருப்பார், இல்லாவிட்டால் அவருடைய பாஸ்போர்ட் வேறு நாட்டுடையதாக இருக்கும். அந்த நாட்டு அரசின் தளத்திலோ தூதரகத்தின் தளத்திலோ பாருங்கள். தேடலில் மேலே வரும் தளம் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு கேட்கும். முகவரியை ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

விசா விலக்கு உள்ள பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்கா எஸ்டா வழியாக 90 நாள் வரை அனுமதிக்கிறது. புறப்படுவதற்கு 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள் முன்போடு கதவு மூடிவிடும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலென்றால் 45 நாள் வரை ஆகலாம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால், முதலில் காலடி வைக்கும் நாட்டிடம்.

அடிக்கடி போகிறவர்கள் தடுக்கி விழுவது 90/180 கணக்கில். ஷெங்கனுக்குள் எந்த நாளில் நின்று பின்னோக்கிப் பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்து 180 நாட்களில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. உள்ளே வந்த நாளும் வெளியேறிய நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். ஜனவரி 10 முதல் பிப்ரவரி 28 வரை இருந்தவருக்கு 50 நாள் போய்விட்டது. "ஜூலை 1 வந்தால் அடுத்த அரையாண்டு, புதிதாக 90 நாள்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண ஆண்டில் அந்த ஜனவரி 10 என்ற ஒரு நாள் கணக்கிலிருந்து விழுவதே ஜூலை 9 அன்றுதான். மற்றவை அதன் பின் ஒவ்வொரு நாளாக விழும். 2025 அக்டோபர் 12 முதல் இந்த எல்லையில் வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். மங்கிய முத்திரையை நம்பிச் சமாளித்த காலம் போய்விட்டது.

வழியில் விமானம் மாறும் நாட்டையும் இதே படியில் பாருங்கள். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறினாலும் இமிகிரேஷனைக் கடந்தாக வேண்டும். அதனால் அதற்கும் விசாவோ எஸ்டாவோ தேவை.

4. அழைப்புக் கடிதத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்

புதியவர்கள் அதிக நாள் இழப்பது இங்கேதான். "கடிதம் அனுப்புங்கள்" என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பத்து நாள் கழித்து, "இன்னார் எங்களைச் சந்திக்க வருகிறார், விசா வழங்கி உதவவும்" என்று இரண்டு வரி வரும். அது எதற்கும் உதவாது.

வரைவை நீங்களே எழுதி, "உங்கள் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம். உள்ளே இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, முதல் படியில் எழுதிய அந்த வாக்கியம், வரும் தேதியும் போகும் தேதியும், சந்திக்கும் இடத்தின் முழு முகவரி, விமானம், தங்குமிடம், உள்ளூர்ச் செலவு ஆகியவற்றில் எது யாருடையது, கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண். அந்த எண்ணை எடுப்பவருக்கு உங்கள் வருகை தெரிந்திருக்க வேண்டும். தூதரகத்திலிருந்து கூப்பிட்டால் வரவேற்பில் இருப்பவர் "அப்படி யாரும் வருவதாகத் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4.

ஒரு முறை எங்கள் இளைஞர் ஒருவருக்கு வந்த கடிதத்தில் "இரண்டு வாரம் எங்கள் குழுவில் இணைந்து செயல்படுவார்" என்று இருந்தது. அனுப்பியவர் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு வைத்திருந்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இவரோ படிவத்தில் "சந்திப்பு" என்று எழுதியிருந்தார். நேர்காணலுக்கு முதல் நாள் மாலை நான் அதைப் படித்தேன். அன்றைய நேரத்தை விட்டுவிட்டு, புதுக் கடிதம் வாங்கி, வேறு நேரம் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. கடிதம் வந்த அன்றே படித்திருந்தால் ஒரு போன் கூப்பிடுவதோடு போயிருக்கும்.

உங்கள் நிறுவனத்தின் கடிதம் இதற்கு ஜோடி. பதவி, எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், பயணக் காரணம், தேதி, செலவு, திரும்பி வந்து பணியைத் தொடர்வீர்கள் என்ற வரி. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை விரலால் தொட்டு ஒப்பிடுங்கள்.

5. தேதியை முடிவு செய்து விண்ணப்பியுங்கள்

தேதி சொல்லும் முன் அந்த நாட்டின் வார விடுமுறையைப் பாருங்கள். சவுதி அரேபியாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அரசு அலுவலகங்கள் வெள்ளி அரை நாள். வெள்ளிக்கிழமை சந்திப்பு என்று குறித்துவிட்டு, ஆளில்லாத அலுவலக வாசலில் நின்றவர்கள் உண்டு.

புகைப்படத்தை அளவு சொல்லி எடுங்கள். ஷெங்கனுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 51க்கு 51. பழைய விசாவில் உள்ள அதே படத்தைக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குள் எடுத்ததில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

விமானத்துக்கு இப்போது பணம் கட்டாத முன்பதிவு போதும். கட்டிய டிக்கெட்டே வேண்டும் என்று கேட்கும் இடத்தில், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகையை வாங்குங்கள்.

முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டிருந்தால் மறைக்க வேண்டாம். மறுப்பை விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் விளக்க இடமே கிடைக்காது. இன்னொன்று: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ள நாட்களில் பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும். அந்த வாரங்களில் வேறு நாட்டுப் பயணம் எதுவும் நுழையாதபடி நாட்காட்டியை அடைத்துவிடுங்கள்.

6. விசா வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள்

பெயர், பாஸ்போர்ட் எண், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். வாங்கிய இடத்தை விட்டு நகரும் முன் பாருங்கள். எழுத்துப்பிழையை அங்கே திருத்துவது எளிது, விமான நிலையத்தில் திருத்தவே முடியாது.

செல்லுபடிக் காலமும் தங்கும் நாளும் ஒன்றல்ல. ஷெங்கன் விசா 25 நாள் செல்லுபடி என்று காட்டலாம். அதிலேயே தங்கும் நாள் 10 என்று இருந்தால் பத்து நாள்தான். அமெரிக்க விசாவில் அச்சான தேதி, எல்லைக்கு வந்து அனுமதி கேட்கும் உரிமைக்குத்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பது அங்கே இறங்கியபின் கிடைக்கும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும்.

'ஒரு முறை நுழைவு' என்று இருந்தால் நடுவில் பக்கத்து நாட்டுக்குப் போய்வரும் யோசனையை விடுங்கள். வரைபடத்தை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை.

7. இப்போது டிக்கெட்

நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் விமானம்தான் இங்கே பெரிய பொறி. 14ஆம் தேதி 00:20 என்றால் 13ஆம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14 இரவு பெட்டியோடு போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். காலண்டரில் விமான நேரத்தை எழுதாதீர்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள்.

இரண்டு விமானம் மாறுவதாக இருந்தால் ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவழியில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அங்கே போய்விடும்.

சந்திப்பு நாளன்று காலை இறங்கும் விமானம் வேண்டாம். முந்தின நாள் மதியமே இறங்குங்கள். தாமதத்துக்கும், தொலைந்த பெட்டிக்கும், தூக்கத்துக்கும் அந்த ஒரு இரவுதான் இடம் கொடுக்கும்.

8. சாம்பிளும் கருவியும்

கைவீசிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். சாம்பிள், அளக்கும் கருவி, கண்காட்சிப் பொருள், கேமரா என்று எடுத்துப் போகிறவர்கள் நிதானமாகப் படியுங்கள். "விற்பனைக்கு இல்லை, திரும்பக் கொண்டுபோய்விடுவேன்" என்று வாயால் சொல்வதைச் சுங்க அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்காகவே இருப்பது ஏடிஏ கார்னே என்ற ஆவணம். பொருட்களுக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஏற்கும் நாடுகளில் வரி கட்டாமல் தற்காலிகமாகப் பொருளை உள்ளே கொண்டுபோய், ஓராண்டுக்குள் வெளியே எடுத்துவிடலாம். அந்தந்த நாட்டின் வர்த்தகச் சங்க அமைப்பு, பிணைத்தொகையோ உத்தரவாதமோ வாங்கிக்கொண்டு வழங்கும். வணிக மாதிரி, தொழிற்கருவி, கண்காட்சிப் பொருள் மூன்றுக்கும் செல்லும். அங்கே கொடுத்துவிட்டு வரும் பொருளுக்கும் தீர்ந்துபோகும் பொருளுக்கும் செல்லாது.

பட்டியலை வரிவரியாக எழுத வேண்டும். "அளவுக் கருவிகள், ஒரு பெட்டி" என்று எழுதினால் பெட்டியைத் திறந்து எண்ணும்போது மாட்டிக்கொள்வீர்கள். பொருளின் பெயர், மாடல், தொடர் எண், எண்ணிக்கை, எடை, மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. ஆவணம் கைக்கு வந்தபின் புதுப் பொருள் எதையும் சேர்க்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, தொடர் எண்ணைப் பொருளிலிருந்தே பார்த்து எழுதுங்கள்.

இதில் குறைந்தது நான்கு முத்திரை வேண்டும்: நம் நாட்டிலிருந்து வெளியேறும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து வெளியேறும்போது, திரும்ப இங்கே நுழையும்போது. ஒன்று விட்டுப்போனாலும், பொருள் அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்டுப் பின்னால் கடிதம் வரும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் சுங்க மேசைக்குப் போவதுதான் வழக்கமான தவறு. அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்பார், பெட்டி உள்ளே போயிருக்கும். முதலில் சுங்கம், பிறகு செக்-இன். அதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

துணித் துண்டு, தோல் துண்டு போன்ற சிறு மாதிரிகளுக்கு கார்னே தேவைப்படாது. விற்க முடியாதபடி ஓட்டை போட்டோ, வெட்டியோ, அழியாத மையில் 'மாதிரி' என்று எழுதியோ எடுத்துப் போனால் பல நாடுகள் வரியின்றி விடுகின்றன. கூட ஒரு ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது பொருளையும் மதிப்பையும் காட்டும் மாதிரி விலைச்சீட்டு, வையுங்கள். அதில் மதிப்பைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். உண்மையான ஒரு தொகையைப் போட்டு, "சுங்கக் கணக்குக்கு மட்டும், விற்பனை இல்லை" என்று கீழே எழுதுங்கள். பூஜ்யத்தைப் பார்த்தால்தான் அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

பேட்டரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். 100 வாட்-மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கும் மேல் பயணியோடு ஏற்ற முடியாது. மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 திறன், 3.7 வோல்ட் என்றால் 74. பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111, கேட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அச்சு அழிந்த பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை.

9. பணமும் போனும் ஒரே படி

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் ஓடிபி. அங்கே போய் உள்ளூர் சிம்மைப் போட்டு, பழைய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டு, கார்டில் பணம் கட்டப் போவார்கள். வங்கி ஓடிபியை அனுப்பும், பர்ஸில் உள்ள சிம்முக்கு. பழைய சிம் போனிலேயே இருக்கட்டும். அதில் ரோமிங் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன் உறுதி செய்துகொண்டு, டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, டேட்டாவுக்கு இ-சிம் வாங்குங்கள். சீனாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே உள்ளூர் இணைப்பில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. சந்திப்பு முகவரி ஜிமெயிலில் மட்டும் இருந்தால் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு நெட்வொர்க், இரண்டு வெவ்வேறு பையில். ஹோட்டலில் நுழையும்போதே ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தக் காசு பல நாள் முடங்கும். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் மாற்றிக் கொடுக்கும் விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கி விகிதத்தைவிட மோசம்.

ரொக்கம் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் என்றால் ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல். சொன்னால் வரி கிடையாது. சொல்லாமல் பிடிபட்டால்தான் பணம் போகும். நம் நாட்டிலிருந்து எவ்வளவு எடுத்துச் செல்லலாம் என்பது தனி விதி, அதையும் பாருங்கள்.

10. மருந்து, காப்பீடு, லேப்டாப்

மருந்தை மாத்திரை டப்பாவுக்கு மாற்றாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். மருந்தின் வேதிப்பெயர் உள்ள சீட்டும் வேண்டும், ஏனென்றால் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகள் சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் குற்றம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் அது கடைசி வாரத்து வேலை அல்ல.

ஷெங்கன் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதனால் அங்கே போகிறவர்கள் இதை ஐந்தாவது படியிலேயே எடுத்துவிடுங்கள். தொழிற்சாலைக்குள் போகிறவர்கள், பணியிட விபத்து அதில் அடங்குமா என்று ஒரு வரி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

லேப்டாப்பில் இந்தப் பயணத்துக்குத் தேவையான கோப்புகள் மட்டும் இருக்கட்டும். எல்லையில் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் சில நாடுகளுக்கு உண்டு. மற்ற வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல் அங்கே உங்களோடு வர வேண்டியதில்லை. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் ப்ளக் மாற்றி மட்டும் போதும்.

11. கிளம்பும் வாரம்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகளில் வருகை அட்டையை இணையத்தில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்டால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள்.

ஒரு மெல்லிய கோப்பில், கேட்கும் வரிசையிலேயே காகிதங்களை அடுக்குங்கள்: அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு, நிறுவனக் கடிதம். அச்சடித்தே வையுங்கள். கவுண்டர் வரிசையில் போனை எடுக்கக் கூடாது என்கிற இடங்கள் இருக்கின்றன, சார்ஜ் தீர்ந்துபோகும் போன்களும் இருக்கின்றன. ஒரு நாள் மாற்றுத் துணியும் சந்திப்புக்கு வேண்டிய ஒரு சாம்பிளும் கைப்பையில் வரட்டும்.

12. கவுண்டரில்

கேட்டதற்கு மட்டும் பதில். "மீட்டிங். நான்கு நாள். இந்த நிறுவனத்தோடு." கேட்காத அழைப்புக் கடிதத்தை நீட்ட வேண்டாம், கேட்டதும் எடுக்கும் இடத்தில் இருந்தால் போதும். ஹோட்டலின் பெயரும் சந்திக்கும் நபரின் பெயரும் வாயில் வர வேண்டும். பதற்றத்தில் மறப்பது இந்த இரண்டும்தான். முத்திரை குத்தினால் கவுண்டரை விட்டு நகர்ந்ததும் அதிலுள்ள தேதியைப் படியுங்கள்.

பெட்டி வரவில்லையா? வெளியே போகாமல், பெட்டி வரும் கூடத்திலேயே விமான நிறுவன மேசையில் புகார் எழுதிப் பதிவு எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ளும், தாமதத்துக்குக் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த நாட்களில் வாங்கும் துணிக்கும் பல்துலக்கிக்கும் ரசீது வைத்திருங்கள்.

13. திரும்பும்போது

கார்னே வைத்திருப்பவர்கள் இங்கேயும் முதலில் சுங்க மேசை, பிறகு செக்-இன். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் மூன்றாவது முத்திரைதான் அதிகம் விட்டுப்போகிறது.

ரசீதுகளை அன்றன்று இரவே படம் எடுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது, பர்ஸுக்குள் இரண்டு வாரம் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும், கணக்குப் பிரிவு வெள்ளைத் தாளுக்குப் பணம் கொடுக்காது. போர்டிங் பாஸையும் எறிய வேண்டாம். எந்த நாளில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று வரித்துறையோ அடுத்த விசா அதிகாரியோ கேட்டால் அது உதவும். நுழைந்த நாள், வெளியேறிய நாள் என்று இரண்டு கட்டம் போட்டு ஒரு தாள் தொடங்கி, இந்தப் பயணத்தை அதில் முதல் வரியாக எழுதிவிட்டு, கோப்பை மூடுங்கள்.